விலக்கி வைத்த பதிவு

நீரில் மூழ்கி வேலை செய்த டைவர் அண்ணனின் மனைவி அந்த மிதவை அறைக்குள், கோயிலுக்குள் வருவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். இன்ஜினியரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருவருக்கும் கீழே ஏரி மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

அங்கே வேலை இதுதான். நீருக்கடியில் ஒரு சத்தத்தை எழுப்புவார்கள். அது மேற்பரப்பில் பட்டுச் சிதறித் திரும்புவதை, நீருக்குள் கட்டிய மைக் பதியும். அலை ஒருபோல் இருப்பதில்லை, எதிரொலியும் அப்படித்தான். அதனால் ஆயிரக்கணக்கில் பதிந்து சராசரி பார்ப்பார்கள். வெளிச்சத்தம் கலந்த பதிவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மைக்கை ஏரியில் நட்ட இரும்புத் தூணில் கட்டுவது டைவர் அண்ணன். "நீங்க சராசரி பாருங்கம்மா, நான் மீனுக்குச் சாப்பாடாகாம வந்துடறேன்" என்று சொல்லிக் குதிப்பார். கட்டி முடித்ததும் தூணில் இரண்டுமுறை தட்டுவார். முடிந்தது, மேலே வருகிறேன் என்று அர்த்தம். போன மழைக்காலத்தில் ஒரு பகல் தட்டினார், வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். மைக் அப்போதே பதியத் தொடங்கியிருந்தது. இன்ஜினியரம்மா அந்தப் பதிவை விலக்கி வைத்தாள், திறந்து கேட்கவில்லை. மேலே நின்றவர்களுக்குக் கேட்டது இரண்டு தட்டு. அதற்குப் பிறகும் அவர் தட்டி, காற்றில் கேட்காமல் போயிருந்தால்?

"அவரு உதவிக்குக் கூப்பிட்டாரா இல்லையான்னு தெரிஞ்சா போதும்மா. வீட்ல யாரோ கதவத் தட்டற மாதிரியே இருக்கு. 'பல்லிம்மா'ங்கறான் பையன். பல்லி கதவத் தட்டுமா?"

"எனக்கும் பயந்தான் அண்ணி. சேர்ந்தே கேப்போம்."

ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டார்கள். இரைச்சல். பிறகு, டக். அதன் பின்னால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிய மெல்லிய இழுவை. மறுபடி, டக். மறுபடி இழுவை. அவசரமில்லாத கை.

"நிதானமாத்தான் தட்டியிருக்காரு" என்றாள் அண்ணி. அவள் தோள்கள் தளர்ந்தன. "வீட்லயும் இப்படித்தான் தட்டுவாரு."

இன்ஜினியரம்மா நிறுத்துவதற்குக் கை நீட்டினாள். அதற்குள் இன்னொரு இழுவை வந்தது. அதற்கு முன்னால் தட்டு இல்லை. எதிரொலி மட்டும். எத்தனையோ எதிரொலி கேட்ட காது அவளுடையது. எழுப்பாத சத்தம் திரும்பி வந்து அவள் கேட்டதில்லை.

"இது என்னம்மா?"

இதைச் சொல்லாமல் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய்யைக் கொடுத்து அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல அண்ணி. ஆனா அது கீழேருந்து வந்த சத்தமில்ல. மேலேருந்து வந்தது."

அண்ணி மேசையில் விரலால் மெதுவாக இரண்டுமுறை தட்டினாள்.

வெளியே காற்று நின்றிருந்தது. கண்ணாடிபோல் கிடந்த ஏரியில், தூணைச் சுற்றி ஒரு வளையம் தோன்றி, விரிந்து, அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.