மூடப்படலாம்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். யார் எதைக் கேட்டாலும் 'அப்படியும் சொல்லலாம்' என்பார். குழம்பில் உப்பு குறைவா என்று நான் கேட்டாலும் அதே பதில்தான். மாணவர்கள் 'லாம் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதிக்காகக் கட்சியில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஆகாதவராக இல்லாததே இவருடைய தகுதி. நிறுத்தினார்கள், ஜெயித்தும் விட்டார். முதல் வருடம் முழுக்கச் சட்டமன்ற நூலகத்திலேயே கிடந்தார். சபையில் பேசியது மொத்தம் பதினோரு நிமிடம்.

இரண்டாம் வருடம் அந்த மசோதா வந்தது. முந்நூறு பேருக்குக் குறைவாகப் படிக்கும் அரசுக் கல்லூரிகள் 'மூடப்படும்' என்றது அதன் நான்காம் பிரிவு. நான் நூலகராக இருக்கும் பெண்கள் கல்லூரியில் இருநூற்று நாற்பது பேர். அடுத்த கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பாதிப் பெண்களை வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

'மூடப்படும்' என்பதை 'மூடப்படலாம்' என்று மாற்றச் சொல்லி, மசோதாவை ஆராய்ந்த சட்டமன்றக் குழுவில் மூன்று மாதம் ஒற்றைக்காலில் நின்றார். ஒவ்வொரு கல்லூரியையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்பது அவர் வாதம். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்த நடையே வேறு. அந்த 'லாம்' இப்போதுதான் உருப்படியாக ஒரு வேலை செய்திருக்கிறது என்று நானும் கிண்டல் செய்தேன்.

சட்டம் வந்த பிறகு யாரும் எந்தக் கல்லூரியையும் போய்ப் பார்க்கவில்லை. துறைச் செயலாளரின் மேசையில் ஒரு பட்டியல் இருந்தது. எந்தக் கல்லூரிக்காகப் பெரிய இடத்திலிருந்து போன் வந்ததோ, அதன் பெயரை அடித்துவிட்டார்கள். இதை அவரே வந்து சொன்னார், முகம் செத்துப்போய்.

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றேன்.

"அது தப்பு. நான் எதுக்காக அதை மாத்தச் சொன்னேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். இருந்தாலும் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் பக்கத்தில் நிற்கும்போதே செயலாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்முனையில் சிரித்தார்களாம், இதற்குத்தானே சார் அவ்வளவு பாடுபட்டீர்கள் என்று. அவர் போனை வைத்துவிட்டார்.

ஒன்பது கல்லூரிகளை மூட உத்தரவு வந்தது. எங்களுடையது அதில் இல்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம், மூடிய கல்லூரி ஒன்றின் புத்தகங்கள் எங்களுக்கு வந்தன. அங்கே எங்களைவிட முப்பது பெண்கள் அதிகமாகப் படித்திருக்கிறார்கள். அந்த நூலகர் அம்மா தானே வேனில் கூட வந்து நாற்பது பெட்டியையும் இறக்கிவைத்தார். நான் யார் மனைவி என்று அவருக்குத் தெரியாது. ரசீதில் நான் கையெழுத்துப் போடும்வரை பொறுமையாக நின்றார்.

"நாங்களும் மனு குடுத்தோம்ங்க," என்றார். "பொண்ணுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. யாரைப் போய்ப் பார்த்திருக்கணும்னுதான் கடைசி வரைக்கும் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றேன்.