காது வைத்த சொல்

கூடாரத்தின் வாசல் கிழக்கே. மேற்கில், வாசலைப் பார்த்தபடி, ககான் சூலான் அமர்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம் தாய்மாமன் கெபூ. இடப்புறம் அரசி உயின், புளித்த குதிரைப்பால் குடத்தோடு. வாசலை ஒட்டி எழுதுபலகையோடு நான். வேறு யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

சிதறிக் கிடந்த எட்டுக் குலங்களை ஒன்றாக்கி சூலான் பட்டம் சூடி மூன்று மாதமாகிறது. தம்பி நௌகு மட்டும் வந்து வணங்கவில்லை. அவன் அனுப்பிய கடிதத்தைப் படித்துக் காட்டினேன்: "ககானாக அழைத்தால் வரமாட்டேன். அகனாக அழைத்தால் வில்லைப் போட்டுவிட்டுத் தனியே வருவேன்."

ககான் என்றால் அரசன். அகன், அண்ணன்.

"பாத்தியா மாப்ள? பட்டத்தையே ஒத்துக்க மாட்டேங்கிறான்" என்றார் கெபூ.

இருவரும் ஒரே குதிரையில் சுற்றி வளர்ந்தவர்கள் என்று அரசி நினைவூட்டினாள்.

"ஒரே குதிரையில பின்னால உக்காந்து வந்தவனுக்குத்தான் முதுகுல எங்க குத்தணும்னு தெரியும்" என்றார் சூலான். அவள் நீட்டிய பாலை அவளையே முதலில் குடிக்க வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எழுதுய்யா. தனியா வான்னு எழுது. தலைப்புல அகன்னு போடு."

கெபூ எழுந்து பின்திரையைச் சரிசெய்தார். அதன் அடியில் நான்கு ஜோடிக் காலணி முனைகள் தெரிந்தன.

இவர்கள் பேச்சுக்கு எழுத்து கிடையாது. சீன எழுத்தில் ஒலியைப் பிடித்து எழுதுகிறோம். அந்த இரு சொற்களும் ஏறக்குறைய ஒரே உருவம். முதல் எழுத்தின் பக்கத்தில் காது போல ஒரு வளைவு வைத்தால் அண்ணன். காதை விட்டுவிட்டு, இரண்டாம் எழுத்தில் மூன்று நீர்த்துளி வைத்தால் அரசன்.

நான் துளிகளை வைத்தேன்.

அவர் தாளை வாங்கிக் கூர்ந்து பார்த்தார். படிக்கத் தெரியாதவர்தான்.

"அண்ணன்ல காது மாதிரி ஒண்ணு வருமாமே. எங்க?"

அதே வரியில், நௌகு தங்கியிருக்கும் இன்ஷான் மலையின் பெயரிலும் அந்தக் காது உண்டு. விரலை அதன்மேல் வைத்தேன்.

அந்த வளைவைப் பார்த்தார். என் முகத்தை அதைவிட நெடுநேரம் பார்த்தார். பிறகு நான் தாளைச் சுருட்டிக் கயிற்றால் கட்ட, முடிச்சின் மேல் வைத்த ஈரக் களிமண்ணில் முத்திரையை அழுத்தினார். வாசலில் காத்திருந்த வீரன் கடிதத்தை அங்கிக்குள் செருகிக்கொண்டு வடக்கே குதிரையை விரட்டினான்.