ஆறே முக்காலுக்கு வீட்டில் இருக்கக் கூடாது

அந்த வீட்டில் வாசல் கதவும் குளியலறைக் கதவும் தவிர வேறு கதவு கிடையாது. இரண்டு அறைகளுக்கும் இருந்த கதவுகளை அப்பாதான் கழற்றினார். லிப்ட் மெக்கானிக்குக் கீல் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நாள் காலையில், பல் துலக்கிய கையோடு இரண்டையும் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"கதவு இருந்தாத்தானே சாத்துவீங்க," என்றார்.

அம்மா இறந்த பத்தாம் நாள் அது. அன்றைக்கே வீட்டில் புது வாழ்க்கை தொடங்கிவிட்டது. டிவி போயிற்று. அப்பாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பா உப்பு டப்பாவைப் பரணிலேயே ஏற்றிவிட்டார். எண்ணெய் பாதியானது, கால்வாசியானது, அப்புறம் பெயருக்கு ஆனது. காய்கள் ஆவியில் வெந்தன. அண்ணனின் ஹெட்போன் பறிமுதல். சாப்பாடு மூன்று பேருக்கும் ஒரே நேரம், ஒரே மேஜை. போன்கள் மூன்றும் ஜன்னலோரம் குப்புறக் கிடக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. மாலை ஆறரைக்கு மூவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்ப வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தைப் பத்துச் சுற்று. ஏழரைக்கு முன்னால் திரும்பக் கூடாது.

"ஏழே காலுக்கு வந்தா என்னப்பா? கரைஞ்ச கொழுப்பு வந்து ஒட்டிக்குமா?" என்று அண்ணன் ஒரு தடவை கேட்டான்.

"ஆமா, ஒட்டிக்கும்," என்றார் அப்பா. சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு அச்சகத்தில் வேலை. நாளெல்லாம் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கத்திக் கத்திப் பேசி, வீட்டிலும் அதே குரல்தான். தங்கை, வீட்டின் சின்னவள், அதற்கு நேர்மாறு. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பாள். கண்ணாடி போட்டுக்கொள்ள வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். அண்ணன் அவளை ஊமைக்கோட்டான் என்பான். அவள் அதற்கும் பதில் சொல்ல மாட்டாள்.

ஒரு வருடம் முடிவதற்குள் அப்பா எட்டுக் கிலோ இறங்கிவிட்டார். பழைய பேண்ட்டெல்லாம் இடுப்பில் நிற்காமல் வழுக்கின. படிக்கட்டில் பார்ப்பவர்கள் எல்லாம் ஒரு நிமிடம் நின்று விசாரித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீங்கதான் பேசணும். எங்க வீட்டுக்காரரு ஒரு மாடி ஏறினா ரயில் எஞ்சின் மாதிரி இரையுறாரு. உங்களப் பாத்தாவது திருந்தட்டும்."

"எனக்கு என்னம்மா பேசத் தெரியும்? லிப்ட் நின்னுபோச்சுன்னு சொல்லுங்க, வந்து நிக்கிறேன்."

"குடும்பமா எப்படிச் சேந்து இருக்கீங்கன்னு சொல்லுங்க, அது போதும். என்ன சாப்பிடறீங்க, எப்ப நடக்கறீங்க, அவ்வளவுதான். எங்க வீட்டுல நாலு பேரும் நாலு மூலையில."

"அக்கா, நான் பேசறேன்," என்று அண்ணன் நடுவில் புகுந்தான். "வெந்த காயாவே சாப்பிட்டு இப்ப எங்க வீட்டுல எங்க பாத்தாலும் ஆவிதான்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவின் கண் சமையலறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. சொன்ன அண்ணனின் முகமே, சொன்ன பிறகு, வெளிறிப்போயிருந்தது. சின்னவள் இரண்டையும் கவனித்தாள். ஆனால் தன் பயத்தில் அவர்களுடைய பயம் அவளுக்குப் பிடிபடவில்லை.

அக்கா கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்டம்மாவுக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல. ஆனா சத்தமே போடலியாமே? தூங்குற மாதிரி போயிட்டாங்களாமே? அதுவும் ஒரு புண்ணியம்தான்."

"ஆமாம்மா. சத்தமே போடல," என்றார் அப்பா.

அண்ணன் தலையாட்டினான். சின்னவளும் தலையாட்டினாள். பதினோரு மாதமாக ஆட்டி ஆட்டி, இப்போதெல்லாம் தலை தானாகவே ஆடியது.

அம்மா சத்தம் போட்டிருந்தாள். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. எப்போதும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். "இங்க யாராவது ஒரு நிமிஷம் வாங்களேன்." பரணிலிருந்து பாத்திரம் எடுக்க, சிலிண்டரை நகர்த்த, குழாயை இறுக்க, ஒன்றுமே இல்லாமல் சும்மா பேச, எல்லாவற்றுக்கும் அம்மாவுக்கு அதே வாக்கியம்தான், அதே ராகம்தான். அப்போது கதவுகள் இருந்தன. சின்னவள் தன் அறையில் குப்புறப் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதோ," என்றாள். போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டால் போகலாம் என்று நினைத்தாள். அம்மா இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

எட்டு மணிக்குப் பசிக்கிறது என்று போன அப்பாதான் பார்த்தார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் தட்டு; தட்டில் பாதி நறுக்கிய பீன்ஸ். கூப்பிட்டபோது மணி ஆறே முக்கால். போனின் மூலையில் அந்த நேரம் தெரிந்தது சின்னவளுக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

யாருக்காவது சத்தம் ஏதாவது கேட்டதா என்று டாக்டர் விசாரித்தபோது அப்பா, குளித்துக்கொண்டிருந்தேன் என்றார். அண்ணன், காதில் ஹெட்போன் என்றான். சின்னவள், தூங்கிவிட்டேன் என்றாள். ஆக, கேட்டது தான் ஒருத்திதான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. இதை அப்பாவிடம் சொன்னால் அந்த மனுஷர் அதோடு முடிந்தார் என்றும் உறுதியாகிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மார்ச் மாதத்தில் ஒரு நாள், நடக்கப் போன இடத்தில் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டது ஞாபகம் வந்து வீட்டுக்கு ஓடி வந்தாள். பூட்டைத் திறந்து உள்ளே கால் வைக்கும்போது சமையலறையிலிருந்து அதே குரல், "இங்க யாராவது ஒரு நிமிஷம் வாங்களேன்." கதவைக்கூடப் பூட்டாமல் மூன்று மாடியும் இறங்கி ஓடினாள். அப்புறம் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் மறுபடியும் கேட்டது. ஆறே முக்கால். அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை. போர்வையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதன் பிறகு காலில் ஆணி குத்தினாலும் நடைக்குப் போகத் தவறியதில்லை.

"பாப்பா, உன் கையெழுத்துதான் எனக்குக் கண்ணாடி இல்லாமயே புரியும்," என்றார் அப்பா. "ஒரு பக்கம் எழுதிக் குடு. பாத்துப் படிச்சிடறேன்."

சனிக்கிழமை மத்தியானம் எழுத உட்கார்ந்தாள். உப்பு, எண்ணெய், பத்துச் சுற்று எல்லாம் சுலபமாக வந்தன. 'எங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் உடனே எழுந்து போவோம்' என்ற வரி வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த வரியையே நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்தாள்.

மூன்று மணிக்குப் பிடித்த மழை ஐந்தரைக்கும் விடவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். வாசலுக்கு வெளியே மின்கம்பி அறுந்து விழுந்துவிட்டது, யாரும் கீழே இறங்க வேண்டாம் என்று காவலாளி மாடி மாடியாகச் சொல்லிவிட்டுப் போனார். கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

அப்பா ஹாலுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தார். "மொட்டை மாடிக்குப் போவமா?"

"இடி இடிக்குதுப்பா," என்றான் அண்ணன். ஆனால் உடனே, "படிக்கட்டுல வேணா உக்காருவோமா? காத்து வரும்," என்றான்.

படிக்கட்டில் அருவி மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மூவரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

"சரி, சீட்டு விளையாடுவோம்," என்றார் அப்பா.

ஜன்னலோரம் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அங்கே தரையில் உட்கார்ந்து அண்ணன் சீட்டைக் குலுக்கிப் போட்டான். அப்பா திடீரென்று உரக்கப் பேச ஆரம்பித்தார். ஒரு லிப்டில் மாட்டிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளை கதை. எல்லாருக்கும் தெரிந்த கதை.

"பன்னெண்டே நிமிஷம்! மணி அடிச்சுப் பன்னெண்டே நிமிஷத்துல போய் நின்னேன்ல!"

"போன தடவ பதினஞ்சுன்னு சொன்னீங்க," என்று அண்ணன் அதைவிட உரக்கச் சொன்னான்.

"டேய், கதைய நான் சொல்றனா, நீ சொல்றியா?"

"நீங்க சொல்லுங்க. ஆனா நிமிஷத்தக் கொறைக்காதீங்க. வெயிட்டு மட்டும் கொறைஞ்சா போதும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் எதற்கு இப்படி மாறி மாறிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று சின்னவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அப்பாவின் கையில் சீட்டு தலைகீழாக இருந்தது. அண்ணனின் கட்டைவிரல் சீட்டின் ஓரத்தை நெருடிக்கொண்டே இருந்தது. முள் ஒன்பதைத் தொட்டது. பேச்சு தானாக நின்றது.

"இங்க யாராவது ஒரு நிமிஷம் வாங்களேன்."

"இதோ," என்றாள் சின்னவள்.

"இதோ," என்றான் அண்ணன்.

"இதோ," என்றார் அப்பா.

மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். அந்தப் பெரிய குரலைக் காணோம். "உனக்குக் கேட்டுச்சா?"

சின்னவள் தலையாட்டினாள்.

"இன்னிக்கு மட்டுமா?"

"அன்னிக்கும்," என்றாள். "நான் தூங்கல."

அண்ணன் சீட்டைக் கீழே வைத்தான். "ஹெட்போன்ல பாட்டு எதுவும் ஓடல. பாட்டு முடிஞ்சுபோச்சு. அடுத்தது எது போடலாம்னு தேடிட்டு இருந்தேன். அப்பதான் கூப்பிட்டாங்க. அப்பா போவாருன்னு நெனச்சேன்."

"நான் நீ போவேன்னு நெனச்சேன்," என்றாள் சின்னவள்.

இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி வடம் அறுத்த பழைய தழும்புகள் நிறைந்த கை.

"டிவில மேட்ச்," என்றார். "ரெண்டு ஓவர்தான் பாக்கி. இதோன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் சின்னப் பசங்க, உங்கள்ல யாராவது போயிருப்பீங்கன்னு..." உள்ளங்கையை மூடிக்கொண்டார். "குளிக்கவே இல்ல நான் அன்னிக்கு."

"அப்புறம் எதுக்குப்பா இந்த நடை?" என்று அண்ணன் கேட்டான்.

"அந்த நேரத்துல இந்த வீட்டுல இருக்க முடியலடா. எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சேன். பைத்தியம் பிடிக்குதோன்னு பயந்தேன்."

"எட்டுக் கிலோ," என்றான் அண்ணன். சிரிக்கத்தான் பார்த்தான், அழுகை வந்துவிட்டது.

அப்போது மறுபடியும் குரல் கேட்டது. அதே வாக்கியம். அதில் கோபம் இல்லை, அவசரம்கூட இல்லை. சின்னவள் எழுந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். மற்றொரு பக்கம் அண்ணன் பிடித்துக்கொண்டான். ஹாலிலிருந்து சமையலறைக்கு எட்டே அடி. அந்த எட்டு அடியை மூவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நடந்தார்கள்.

சமையலறையில் யாரும் இல்லை. ஸ்டூல் இருந்தது. ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாக விழுந்தன.

"வந்துட்டோம்மா," என்றார் அப்பா, ஸ்டூலைப் பார்த்து. "மூணு பேரும் வந்துட்டோம்."

இருட்டும் வரை அங்கேயே நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா செயலாளர் அக்காவின் வீட்டுக்குப் போய், பேச வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "என் சம்சாரம் கூப்பிட்டாம்மா. வீட்டுல மூணு பேர் இருந்தும் யாரும் போகல. சத்தமே போடலன்னு சொன்னது பொய்," என்றார். அக்கா கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாராம். அப்பா வந்து சொல்லும்போது அவர் முகத்தில் பதினோரு மாதத்தில் பார்க்காத ஒரு களைப்பு இருந்தது. நன்றாக அழுது முடித்தவர்களின் முகத்தில் இருக்குமே, அது.

அன்றைக்கு மாலை மழை விட்டிருந்தும் நடக்கப் போகவில்லை. ஆறரைக்கே மூவரும் சமையலறையில் போய் உட்கார்ந்தார்கள். சின்னவள் தரையில், அண்ணன் மேடை மேல், அப்பா வாசற்படியில். ஸ்டூலை மட்டும் காலியாக விட்டார்கள். கூப்பிடும்போது கூடவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஆறே முக்காலுக்கு அழைப்பு வந்தது. ஹாலிலிருந்து.

அடித்துப்பிடித்து எழுந்து ஓடினார்கள். ஹால் காலி. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது சின்னவளின் அறையிலிருந்து கேட்டது. அங்கே போனால் அண்ணனின் அறையிலிருந்து. அங்கிருந்து மறுபடியும் சமையலறை. எந்த அறையில் அவர்கள் இல்லையோ, அந்த அறையிலிருந்துதான் கூப்பிட்டாள். ஏழரை வரைக்கும் மூவரும் அந்தச் சின்ன வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர்கூட இதோ என்று சொல்லவில்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். வாரக் கடைசியில் படிக்கட்டில் அப்பாவைப் பார்த்து, "மைதானம் சேறாக் கெடக்குன்னு வீட்டுக்குள்ளயே நடக்கறீங்க போல? தெனமும் மூணு ஜோடிக் கால் சத்தம் கேக்குது. விட மாட்டேங்கறீங்களே, பலே," என்றார்.

அப்பா புன்னகைத்துவிட்டு மேலே வந்தார். அண்ணன் மேஜையையும் நாற்காலிகளையும் சுவரோரம் ஒதுக்கி வழி பண்ணிக்கொண்டிருந்தான். மணி ஆறு நாற்பது. சின்னவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஹாலின் நடுவில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு இன்னும் கொஞ்சம் வேகமாப் போகணும்ப்பா," என்றாள். "நேத்து நாம போறதுக்குள்ள அம்மா ரெண்டு தடவ கூப்பிட வேண்டியதாப் போச்சு."