தொங்கிய வயர்

மூதூரில் சண்டை தொடங்கியதும் சனமெல்லாம் கந்தளாய்க்கு ஓடினார்கள். அவர்களோடு ஸல்ஹா ராத்தாவின் கணவர் மஜீதும் போய்ச் சேர்ந்தாரா என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அக்கா முறையான ராத்தா, திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் நிவாரண அலுவலகத்தில் வேலை செய்கிறவர். முகாமில் தேடி, ஆள் கிடைத்தால் பின்னேரம் இணையத்தில் கூப்பிடுகிறோம் என்று கந்தளாயில் இருந்த எங்கள் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். சாதாரணத் தொலைபேசி செத்து நாளாகிவிட்டது; சாட்டிலைட் இணையம் மட்டும்தான் மிச்சம்.

அந்தப் பின்னேரம் பார்த்து வலையமைப்பு படுத்துவிட்டது. அலுவலகக் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் எல்லா விளக்கும் பேய் பிடித்த மாதிரி மினுங்கின. அதையெல்லாம் திருத்துகிறது என் வேலை. என் மேசைக் கணினியிலிருந்தே அதற்குள் நுழையப் பார்த்தேன். முடியவில்லை. மற்றவர்களுக்கு அடைபட்ட வழிதானே எனக்கும் வழி!

அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேர் இருப்பதாக நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஒருவன் வந்த செய்தியை எந்தக் கேபிள் ஓட்டையால் அனுப்புவது என்று பார்த்துத் தள்ளிக்கொண்டே இருப்பான். யோசிக்க அவனுக்கு நேரமில்லை. மற்றவன் யோசிக்கிறவன். அவனோடு நேரே பேசப் பின்பக்கம் தனி வாசல் உண்டு. அதில் நீலக் கேபிளைக் கொழுவி, மடிக்கணினியோடு நிலத்தில் குந்தினேன். ஏழாம் ஓட்டையால் போகிற செய்தி பன்னிரண்டாம் ஓட்டையால் திரும்பி வருகிறது, பெருகிப் பெருகிச் சுற்றுகிறது என்று அவன் காட்டினான்.

எட்டிப் பார்த்தால், ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதே பெட்டியில்.

"எந்த விசரன் பாத்த வேலை இது? மூளை இல்லையோ?" என்று கத்தினேன்.

"நான்தான் தம்பி" என்றார் பின்னால் நின்ற ராத்தா. "கொஞ்சம் முந்தி ஆமிக்காரங்க செக்கிங் வந்தாங்கதானே. ஒரு முனை சும்மா தொங்கிச்சு. தொங்குற வயரைக் கண்டா குண்டெண்டு பிடிக்காம விடுவாங்களா? அதான் கிட்ட இருந்த ஓட்டையில சொருகினன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வீதியில் ஒரு வயர் நீட்டிக்கொண்டிருந்தால் மறுபக்கத்தால் போகிறவன்தான் நானும்.

கேபிளைக் கழற்றினேன். விளக்குகள் அடங்கின.

"கூப்பிட்டுப் பாத்திட்டு விட்டிருப்பாங்களோ தம்பி?"

இரண்டு பேரும் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தோம். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. ராத்தாவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

கணினி மணி அடித்தது.

"ஸல்ஹா? எவ்வளவு நேரமா எடுக்கிறன். நீ எங்க போன?"

நான் கழற்றிய கேபிள் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ராத்தா அழுதபடியே அதை எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.