ஏழு மணிச் செய்தியும் வலது காதும்

இருபத்திரண்டு வயதில் வானிலை வாசிக்க வந்தவள் அவள். சீக்கிரமே செய்திக்கு மாற்றினார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகும் ஏழு மணிச் செய்தி அவளிடமே இருந்தது. கடைத்தெருவில் பிள்ளைகள் "நியூஸக்கா" என்று கூப்பிடுவார்கள். பிறந்த வீட்டில் மட்டும் இன்னமும் பாப்பாதான்.

திரையில் அவள் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கேமராவுக்குத் தெரியாத மேசையடியில் கால்கள் ஓரிடத்தில் நிற்காது; செருப்பைக் கழற்றும், மாட்டும், நாற்காலிக் காலைச் சுரண்டும். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் அந்த வருடம் தவிப்பு மேசைக்கு மேலேயும் ஏறத் தொடங்கியிருந்தது.

காரணம், வலது காது. செய்தி வாசிக்கும்போது கண்ட்ரோல் ரூமிலிருந்து வரும் குரலைக் கேட்க ஒரு சின்னக் கருவியைக் காதுக்குள் செருகியிருப்பார்கள். அவளுக்கு அது எப்போதும் வலது காதில்தான். இடது பக்கம்தான் கேமராவுக்கு நேராக இருக்கும். அந்தக் காதில் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தவர் தயாரிப்பாளர். லகர ளகரம் பிசகினால் பொறுக்கமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். எப்போது விளம்பரம், அடுத்து யார் தொலைபேசியில், எந்த எண்ணிக்கை மாறிவிட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் வாசித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

ஒருநாள் அக்கா போன் செய்தாள். இவள் போனை வலது காதில் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து இடது பக்கம் மாற்றினால், அக்கா மாமியாரைப் பற்றிய புகாரில் பாதி தூரம் போயிருந்தாள். அன்றிலிருந்து போனை இடது காதில்தான் வைத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் தெரிந்துவிடும் என்பதால் டாக்டரிடமும் போகவில்லை. நடக்கும்போது எல்லோருக்கும் வலப்பக்கமாக நடந்தாள். கேண்டீனில் சுவரை வலப்பக்கம் விட்டு உட்கார்ந்தாள். கட்டிலில் படுக்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டு, ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். வாத்தியாரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கத் தொடங்கியதும், ஒலியை ஏற்றச் சொன்னாள். இதற்கு மேல் ஏற்றினால் மைக்கில் விழும் என்று ஒலிக்காரர் சொல்லிவிட்டார். அப்புறம் ஊகம்தான். பாதி வார்த்தை கேட்டு மீதியைத் தானே போட்டுக்கொண்டாள். ஒருமுறை காயம்பட்டவர்கள் இருபது பேர் என்பது அவளுக்கு அறுபதாகக் கேட்டது. அறுபது என்றே சொன்னாள். திருத்தி வாசித்தபோது, சேதி கொடுத்தவர் மேல் தப்பு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். அவர் பேப்பரை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்தப் பலகையில இருக்கிற எழுத்த மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வர்றாங்க. கண்ணு நல்லாருக்குன்னு நிரூபிக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"இப்ப எதுக்கு இது?"

"எந்தக் காது?"

அவள் கையிலிருந்த துண்டை நான்காக மடித்து முடித்தாள். பிறகு வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் சொல்றத நீ காதுல வாங்காதது கல்யாணம் ஆனதுலேர்ந்து நடக்கிறதுதானே. அதான் கண்டுபிடிக்க லேட்டாயிடுச்சு" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடுத்த வாரம் டாக்டரிடம் கூட்டிப்போவதாக அவர் சொன்னார். அலுவலகத்தில் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

டாக்டரைப் பார்ப்பதற்குள்தான் அது நடந்தது.

செவ்வாய்க்கிழமை, செய்தி பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, சுற்றுலா போய்த் திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த பள்ளிக்கூடப் பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிட்டதாகச் சேதி வந்தது. எழுதிக் கொடுக்க நேரமில்லை. எதிரே வரிகள் ஓடும் பிராம்ப்டர் திரை வெறுமையாக நின்றது. தெரிந்ததை வைத்து அவள் பேச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ட்ரோல் ரூமில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவது, காதுக்குள் ஆற்று இரைச்சல் மாதிரி கேட்டது. அதற்கு நடுவில் வாத்தியாரின் குரல்:

"ஒருத்தர... காணோம். உடனே சொல்லுங்க."

ஒருத்தரத்தான் காணோமா, ஒருத்தரையும் காணோமா? இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஓரெழுத்து இரண்டெழுத்தைத்தான் அவள் காது தின்றுவிட்டிருந்தது. இத்தனை மாதம் ஊகித்தவள் இதையும் ஊகிக்க வாயைத் திறந்தாள். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் வீடுகள் எல்லாம் இந்தச் சேனலைத்தான் வைத்திருக்கும் என்று தோன்றியது. நாக்கு நின்றது.

"இப்போது எனக்கு வந்த தகவல் சரியாகக் கேட்கவில்லை. தவறாகச் சொல்லிவிடக் கூடாது. ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் கேமராவைப் பார்த்து.

பிறகு எல்லோரும் பார்க்க வலது காதிலிருந்து கருவியை உருவினாள். வயர் முகத்துக்குக் குறுக்கே தொங்கியது. இடது காதில் செருகிக்கொண்டு, "சார், மறுபடி சொல்லுங்க. மெதுவா" என்றாள்.

கண்ட்ரோல் ரூம் அடங்கிப்போயிருந்தது. வாத்தியார் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிள்ளைகள் எல்லோரையும் கரையேற்றியாயிற்று. டிரைவரைத்தான் காணோம்.

அவள் அப்படியே வாசித்தாள். குரல் பிசகவில்லை. மேசையடியில் கால்கள் மட்டும் கழன்ற செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன.

செய்தி முடிந்ததும் வாத்தியார் ஸ்டூடியோவுக்குள் வந்தார். அவர் கீழே இறங்கி வருவது அபூர்வம். "எத்தனை நாளா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் திட்டவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் ஒரு செவத்துக்கிட்டயா பேசிட்டிருந்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். செய்தி ஆசிரியரிடம் வாங்கப்போகும் திட்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவளுக்கு, இதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் காலையில் ஊரெல்லாம் அந்த வீடியோதான். வயர் தொங்கும் முகத்தை வைத்துக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள், கும்பிட்டவர்களும் இருந்தார்கள். அக்கா போன் செய்து, ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாயிற்றே என்று தொடங்கி, தானே அழுதுவிட்டாள். டிரைவரின் உடல் மதியம் கிடைத்தது. அன்று மாலை அதையும் அவள்தான் வாசித்தாள். பிள்ளைகளை ஜன்னல் வழியாக ஒவ்வொருவராக வெளியே தள்ளிவிட்டவர் அவர் என்ற வரியை வாசித்தபோது, ஒரு மூச்சு தாமதமானது. ஏழு மணிச் செய்தியில் அவள் வாசித்த கடைசிச் சேதி அதுதான்.

ஆசிரியர் அவளைப் பாராட்டினார். அதே மூச்சில் விடுப்பும் கொடுத்தார். போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பதற்கு வலது காதில் ஒரு காதுகேட்கும் கருவி பொருத்தினார். வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தாள். இருந்தாள் என்றா சொல்வது? அலமாரிகளைக் காலிசெய்து அடுக்கினாள், மகளின் பாடப்புத்தகத்தைச் செய்தி மாதிரி வாசித்து அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். ஏழு மணியானால் வாசலுக்குப் போய் நின்றுகொள்வாள். அவள் இடத்தில் வாசித்த புதுப் பெண் நன்றாகவே வாசித்தாள். அதைப் பார்க்கத்தான் தெம்பில்லை.

திரும்பிப் போனபோது, நேயர்கள் காதில் கருவியைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று ஆசிரியர் இழுத்தார். பின்னணிக் குரல் கொடுக்கலாமே, பயிற்சிப் பொறுப்பு ஏற்கலாமே என்றார்.

"எனக்குச் செய்திதான் சார் தெரியும். எந்த நேரம்னு நீங்க சொல்லுங்க. முகம் தெரியாமன்னு மட்டும் சொல்லாதீங்க."

மதியம் ஒரு மணிச் செய்தி கிடைத்தது. பார்ப்பவர்கள் குறைவு. நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது கேமராவுக்கு நேராக இருப்பது வலது பக்கம். முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புதுத் தயாரிப்பாளர் வார்த்தைகளை மென்று விழுங்குகிறவர். முதல் நாளே அவரிடம் போய், தனக்கு ஒரு காதுதான், வாயைத் திறந்து பேசுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

வாத்தியார் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் கேண்டீனில் டீயோடு வந்து, யோசிக்காமல் அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்தார்.

"நேத்து 'வெள்ளம்'னு சொல்றதுக்கு 'வெல்லம்'னு சொன்னீங்க. ஊரே இனிச்சுப்போச்சு" என்றார்.

அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்று சண்டைக்குப் போனாள். பதிவைப் போட்டுப் பார்க்கலாமா என்று அவர் எழுந்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, அவளும் கூடவே வேகமாக நடந்தாள்.