இன்வெர்ட்டரில் ஓடுகிற ஃபேன்

1

இந்தக் கதை ஒரு குருவியிலிருந்து பிறந்தது. இல்லை, பொய். குருவி பிறகு வந்தது. அத்தான் செத்ததுதான் முதலில்.

(வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. கிழித்துவிட்டேன்.)

சிறுவர் பத்திரிகை ஒன்றில் அறிவியல் கேள்வி பதில் எழுதுகிறவள் நான். வானம் ஏன் நீலம், பல்லி ஏன் சுவரிலிருந்து விழுவதில்லை, இதுதான் என் பிழைப்பு. என் அக்கா அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அறிவியல் என்றாலே அவளுக்கு வேப்பங்காய். அப்படிப்பட்டவள், தன் புருஷன், என் அத்தான், போன பிறகு ஒரு நாள் கேட்டாள்:

"ஏண்டி, கம்பியில குருவி உக்காருதே, அதுக்கு ஏன் ஷாக் அடிக்க மாட்டேங்குது?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துக்கத்திலிருந்து எழுந்து வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். குருவி ஒரே கம்பியை மட்டும் தொடுகிறது, கரண்ட் அதன் வழியாகப் போய்ச் சேர வேறு இடம் இல்லை என்று படம் போட்டு விளக்கினேன். நான் ஒரு மண்டு.

2

அத்தானைச் சொல்ல வேண்டும். நல்லவர்களை எழுதுவது பெரிய தொல்லை. எழுதி முடித்துப் பார்த்தால் காலண்டர் படம் மாதிரி நிற்கிறார்கள். அதனால் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர் எலக்ட்ரீஷியன். எந்த வீட்டில் வேலை என்றாலும் முதலில் மெயின் ஃபியூஸைப் பிடுங்கி, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பக்கத்தில் வைத்தால் யாராவது நல்ல எண்ணத்தில் எடுத்து மாட்டிவிடுவார்கள். "என் உசிரு என் பையிலயே இருக்கட்டும்" என்பார். ஒருமுறை அதை மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் இருட்டில் உட்கார்ந்து போனில் கத்திய கத்தல் அக்கா வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

சொந்த வீட்டு ஹால் விளக்குக்குப் புது ஒயர் இழுக்க ஒரு மத்தியானம் ஏணியில் ஏறினார். ஷாக் அடித்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த சட்டையின் பையில் அந்தக் கட்டை இருந்தது.

அவருக்கு வேலை கொடுத்துவந்த கான்ட்ராக்டர் துக்கம் விசாரிக்க வந்து, "என்னதான் கைதேர்ந்தவனா இருந்தாலும் ஒரு நிமிஷம் அசந்துட்டான்மா" என்றார். வந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும், "அவரு அசரவே மாட்டாரு" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

'அசந்துட்டான்' என்ற அந்த ஒரு சொல்லை அவர் மேலிருந்து துடைக்க வேண்டும். அதற்காகத்தான் மின்சாரம் படிக்கத் தொடங்கினாள் என்பது எனக்குக் குருவி, ஸ்விட்ச், நட்சத்திரம் எல்லாம் தாண்டித்தான் புரிந்தது.

3

ஸ்விட்ச்.

"போட்டதும் எரியுதே, கரண்ட் அவ்வளவு வேகமாவா ஓடும்?"

"ஓடல அக்கா. குழாய்ல ஏற்கெனவே தண்ணி நெறஞ்சிருந்தா, இந்தப் பக்கம் திறந்ததும் அந்தப் பக்கம் கொட்டும்ல? அப்படி. உள்ள இருக்கற துகள் எறும்ப விட மெதுவாத்தான் நகரும். தள்ளுதான் உடனே போய்ச் சேந்துடும்."

"உடனேன்னா? கைய எடுக்கறதுக்குள்ளயா?"

"அதுக்கும் முன்னாடி."

தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் உவமையை ரசிக்கிறாள் என்று நினைத்தேன். (முதல் வரியிலிருந்தே நான் ஏன் இப்படித் தப்புத் தப்பாக நினைக்கிறேன்? வாசகருக்கு என் மேல் எரிச்சல் வந்தால் நியாயம்தான்.)

நட்சத்திரம். அதன் வெளிச்சம் நம்மிடம் வர வருஷக்கணக்கு ஆகும், நாம் பார்ப்பது அதன் பழைய முகம் என்றேன்.

"அப்ப அங்கேருந்து ஒருத்தன் நம்மளப் பாத்தா?"

"பழைய நம்மதான் தெரிவோம்."

"எவ்வளவு தூரத்துலேருந்து பாத்தா அவரு இன்னும் ஏணியில ஏறாம இருப்பாரு?"*

* கூரை மறைக்கும். வீட்டுக்குள் நடப்பது எந்த நட்சத்திரத்துக்கும் போய்ச் சேராது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

4

பிறகு ஒரு நாள், கேட்காமலே சொன்னாள்.

"மெயினப் பிடுங்கினாரு. இன்வெர்ட்டரயும் அவரே அமத்தினாரு. எல்லாத்தையும் ஒழுங்காத்தான்டி செஞ்சாரு. மேல நின்னுக்கிட்டு வேர்த்து ஊத்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு. டேபிள் ஃபேன அவரு பக்கம் திருப்பி வச்சு, இன்வெர்ட்டர மட்டும் போட்டேன். கரண்ட்ட நான் தொடவே இல்ல."

நாம் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம். 'கரண்ட் போயிடுச்சு, ஃபேன் இன்வெர்ட்டர்ல ஓடுது' என்று நானே தினம் சொல்கிறேன். அவளுக்குக் கரண்ட் என்பது தெருவிலிருந்து வருவது. இன்வெர்ட்டர் ஒரு பெரிய டார்ச் லைட். ஆனால் அந்தப் பெட்டி, பேட்டரியில் உள்ளதை எடுத்துத் தெருவில் வருகிற அதே கரண்ட்டாக மாற்றித்தான் வீட்டுக்குள் அனுப்புகிறது. ஹால் விளக்கும் அந்த லைனில்தான் இருந்தது.

அத்தான் அசரவில்லை. அக்கா சொன்னது முழுக்கச் சரி.

அதைக் கேட்டு நான் அவளிடம்

5

மேலே உள்ள வாக்கியம் முடியாது. எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அத்தான் மேலிருந்து பழி இறங்கும். இறங்கி நேராக அக்கா மேல் உட்காரும். ஏதோ ஒரு ஒயரைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று பொய் சொன்னால் அக்கா பிழைப்பாள். அத்தான் அசந்து செத்தவராகவே இருப்பார், அதுவும் என் வாயால். பையில் உயிரை வைத்திருந்த மனிதருக்கு நான் செய்கிற மரியாதை அது.

இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் அத்தான் ஏணியில் ஏறுவதற்கு முன்பே என் பத்திரிகைப் பகுதியில் 'பேட்டரி ஷாக் அடிக்காது' என்று நான் எழுத, அக்கா அதைப் படித்து நம்பித்தான் இன்வெர்ட்டரைப் போடுகிறாள். பழியெல்லாம் என்னோடு போகிறது. நன்றாகவே வந்திருந்தது, படித்துவிட்டு அழுதேன். ஆனால் நான் அப்படி எழுதவும் இல்லை, அவள் படிக்கவும் இல்லை. அடித்துவிட்டேன்.

கதைகளில் இந்த இடத்தில் எழுதுகிறவருக்கு ஒரு வழி அகப்படும். எனக்கு அகப்படவில்லை. அகப்படும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. வேர்த்தவருக்குக் காற்று வரட்டும் என்று நினைத்ததைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. இதற்கு என்ன பதில் எழுதுவது?

6

இப்போது அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மத்தியானம். சற்று முன் கரண்ட் போனது. அவள் இன்வெர்ட்டரைப் போடவில்லை. எழுந்து ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள். எத்தனை நாளாக இப்படி என்று நான் கேட்கவில்லை.

விசிறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "ஏண்டி, இன்வெர்ட்டர்ல வர்றதும் கரண்ட்தானா?"

"இரு அக்கா, கொஞ்சம் எழுத வேண்டியது இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்" என்று இந்த அறைக்குள் வந்துவிட்டேன். வந்து எழுதியதுதான் இது. இன்னும் எவ்வளவு நேரம் எழுதிக்கொண்டே இருக்க முடியும்?

ஆமாம் என்றாலும் ஒரு சொல்தான், இல்லை என்றாலும் ஒரு சொல்தான். நீங்கள் சொல்லுங்கள். எதுவானாலும் மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்த அறையில் அட்டை விசிறுகிற சத்தம் நின்றுவிட்டது.