அவசர மன்னிப்பு

"அதான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேனே! இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றாள் மார்வெல். வாசற்கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். அந்தப் பாதியையும் தானே அடைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே கணுக்கால் அளவுக்குப் பனி. ரோவீனா பூட்ஸ் காலைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "முதல்ல என்னை உள்ளே விடு. மன்னிப்பை அப்புறம் பாத்துக்கலாம். காது ரெண்டும் கழண்டு விழுந்துடும்போல இருக்கு."

மார்வெல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற தொண்டை அது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அதே தொண்டை எழும்பினால் தேவாலயத்தின் ஜன்னல் கண்ணாடி அதிரும். போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில், நாலு வீடு தள்ளி இருக்கும் ஐலீனின் மகன் டேவிஸ் பின்கதவை உடைத்து உள்ளே புகுந்து, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இருபத்திரண்டு வயசுத் தடியன். திருடவும் தெரியவில்லை, விற்கவும் தெரியவில்லை. விற்கப்போன கடையிலேயே மாட்டிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறே ஐலீன் ஆராதனை நடுவில் எழுந்து போய், விம்மி விம்மி அழுது, மார்வெலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சபை முழுக்கப் பார்க்கிறது. மார்வெல்தான் என்ன செய்வாள்? "கர்த்தர் என்னை மன்னிச்ச மாதிரி நானும் உன் பிள்ளையை மன்னிச்சுட்டேன்" என்றாள். அல்லேலூயா, ஸ்தோத்திரம், ஆர்கன், கைதட்டல். ரோவீனாவும்தான் கைதட்டினாள். எங்கள் ஊரில் மன்னிப்பு என்பது அடுப்பில் வைத்த பால் மாதிரி, சட்டென்று பொங்கிவிடும். அடியில் என்ன பிடித்திருக்கிறது என்று ஒருத்தரும் சுரண்டிப் பார்ப்பதில்லை.

சுரண்டிப் பார்ப்பதுதான் ரோவீனாவின் வேலை. இந்தக் கனடாவில் நம் பிள்ளை ஒருவன் தப்புச் செய்துவிட்டால், ஹாலிஃபாக்ஸ் கோர்ட்டுக்கு அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. கறுப்பன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரப் பையன் நாலு புத்திமதியோடு வீடு திரும்புகிற அதே குற்றத்துக்கு நம் பையன் ஜெயிலுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான், நம் ஆட்களே மல்லுக்கட்டி இந்த வழியை வாங்கினார்கள். கேடு செய்தவனும் கேடு பட்டவளும் சம்மதித்தால் வழக்கு ஊருக்கே வந்துவிடும். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசி, அதற்கு என்ன ஈடு என்று முடிவு செய்து, அது நடந்தும் விட்டால் வழக்கே இல்லை. நடக்கவில்லையென்றால் திரும்பவும் கோர்ட்தான். அந்த வட்டத்தைக் கூட்டி நடத்துகிற உத்தியோகம் ரோவீனாவுக்கு. டேவிஸ் எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டிருந்தான். பேரில் ஒரு திருட்டுக் குற்றம் பதிந்துவிட்டால், பிறகு எந்த வீட்டுக்காரன் அவனை உள்ளே விட்டு ஒயர் இழுக்கச் சொல்வான்?

வட்டம் சனிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. ஏற்கெனவே மன்னித்துவிட்டவள் வந்து உட்கார்ந்து தலையை ஆட்டினால் போதும், சுலபமாக முடிந்துவிடும். ரோவீனாவும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வந்தாள். உள்ளே நுழைந்தபிறகுதான் சோபாவைப் பார்த்தாள். அதன்மேல் தலையணையும் கம்பளியும் கிடந்தன. பின்கதவுக்குச் சாப்பாட்டு மேஜையே முட்டுக்கொடுத்து நின்றது.

"ஏண்டி, மாடியில கட்டிலுக்கு என்ன ஆச்சு?"

"மேலே ஒரே குளிரு."

"ஹீட்டர் வேலை செய்யலியா?"

"செய்யுது, செய்யுது. முட்டி வலி எனக்கு. படி ஏற முடியல."

"குளிரா, முட்டியா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

மார்வெல் தலையணையை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

"தொண்டை கட்டியிருக்குன்னு பாட்டுப் பயிற்சிக்கும் வர்றதில்லையாமே?"

"ஆமா, கட்டியிருக்கு."

"என்னைத் திட்டறப்ப நல்லாத்தானே இருக்கு?"

"ரோவீனா, சனிக்கிழமை வர்றேன், மன்னிச்சுட்டேன்னு இன்னொரு தடவை சொல்றேன், போயிடறேன். அதுக்கு மேல என்னைக் கிண்டாதே" என்றாள் மார்வெல்.

திரும்பி வரும்போது ரோவீனாவுக்கு மனசே சரியில்லை. பையன் தப்பித்துவிடுவான். இவள் ஆயுசு முழுக்க அந்தச் சோபாவில்தான் கிடப்பாள். சபை நடுவில் மன்னித்தவள், பயமாக இருக்கிறது என்று இனி யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? நாமெல்லாம் கைதட்டியே அவள் வாயை அடைத்துவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

ஐலீனுக்கு விஷயம் எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, மறுநாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். "அவளே விட்டுட்டா. நீ ஏன் ஆறின புண்ணைக் கீறறே?"

"ஆறலை ஐலீன். மேலே துணியைப் போட்டு மூடி வெச்சிருக்கு."

"கீறி, அவளுக்குக் கோபம் வந்து, எனக்கு எந்தச் சமாதானமும் வேணாம், கோர்ட்டுக்கே போகட்டும்னுட்டா? என் பிள்ளை கதி என்ன? உன் பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வியா?"

உண்மையில் ரோவீனாவுக்கும் அதே பயம்தான்.

சனிக்கிழமை காலை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாலு நாற்காலி போட்டார்கள். ரோவீனா, மார்வெல், ஐலீன், டேவிஸ். பேசி முடித்ததும் சாப்பிட மீன் கட்லெட்டும் வெல்லப்பாகு ரொட்டியும் மூடிவைத்திருந்தது. வட்டத்தில் கையில் பொருள் வைத்திருப்பவர்தான் பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. மற்ற ஊர்களில் இறகு, கல் என்று என்னென்னவோ வைத்திருக்கிறார்களாம். எங்கள் ஊரில் சபை விருந்துக்கு சூப் கிண்டுகிற பெரிய மரக்கரண்டிதான்.

மார்வெல் கரண்டியை வாங்கினாள். "நான் மன்னிச்சுட்டேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நீட்டினாள்.

டேவிஸ் தரையைப் பார்த்துக்கொண்டே, "தேங்க்ஸ் ஆன்ட்டி. சாரி ஆன்ட்டி" என்றான், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல.

"ஆமென்" என்ற ஐலீன், கரண்டியை ரோவீனா கையில் திணித்து, போதும் முடி என்று கண்ணைக் காட்டினாள்.

முடித்திருக்கலாம். வாய்வரைக்கும் அந்த வார்த்தை வந்தும்விட்டது. ஆனால் மார்வெல் தன் கையைத் தானே பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள் ரோவீனா. கரண்டியைத் திரும்ப அவள் மடியிலேயே வைத்தாள். "மன்னிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும் மார்வெல், அது எங்கேயும் ஓடிடாது. இவனை நீ ஏதாவது கேக்கணுமா?"

"ரோவீனா!" என்று எகிறினாள் ஐலீன்.

"கரண்டி உன்கிட்ட இல்ல. உக்காரு."

மார்வெல் கரண்டியை மடியில் இப்படியும் அப்படியும் உருட்டினாள். பிறகு கிசுகிசுப்பாகக் கேட்டாள். "மேலே போனியா?"

"என்னது ஆன்ட்டி?"

"மாடிக்குடா! என் படுக்கை ரூமுக்கு! போனியா நீ?" எழுந்தேவிட்டாள். பஸ்ஸை நடுங்க வைக்கிற குரல் அது. கரண்டி அவன் மூக்குக்கு நேரே நீண்டது. "டிராயர் இழுத்தபடி கிடந்துது. என் உள்பாடியெல்லாம் தரையில கிடந்துது. அந்தக் கையால என் துணியைத் தொட்டியா? என் கட்டிலைத் தொட்டியா? அன்னிலேர்ந்து நான் அந்தக் கட்டில்ல படுக்கல, தெரியுமா உனக்கு? சோபாவுல கிடக்கறேன். தூங்கறேன்னா நினைக்கறே? உக்காந்திருக்கேன்! உன் ஜன்னல்ல லைட் எரிஞ்சா, இவன் எதுக்கு இன்னும் முழிச்சிருக்கான்னு பாத்துட்டு உக்காந்திருக்கேன்! மன்னிச்சேனாம், மன்னிச்சேன்! உங்கம்மா ஊர் பாக்க என் கையைப் பிடிச்சு அழுதா, வேற என்னத்தைச் சொல்லித் தொலைக்கறது நான்?"

ஐலீன் முகத்தை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, கோர்ட்டுக்குத்தான் என்று நினைத்தாள் ரோவீனா. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

டேவிஸ் கையை நீட்டிக் கரண்டியைக் கேட்டான். மார்வெல் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தாள்.

"நான் மேலே வரல ஆன்ட்டி."

"புளுகாதே."

"சத்தியமா வரல. படியில ஒரு காலைக்கூட வைக்கல. கம்ப்யூட்டர் சமையல்கட்டு மேஜை மேலேயே இருந்துது. எடுத்துட்டுத் திரும்பறேன், உங்க பாட்டு நின்னுபோச்சு. அப்படியே ஓடிட்டேன்."

"என் பாட்டா?"

"இங்கே சர்ச் கதவைத் திறந்து வெச்சிருந்தாங்க. நீங்க பாடினா நம்ம ரோடு முழுக்கக் கேக்கும். அது கேக்கறவரைக்கும் நீங்க வீட்டுல இல்லைன்னு தெரியும். அதை வெச்சுத்தான் உள்ளே வந்தேன்."

"அட பாவி!" என்றாள் ஐலீன், கரண்டி இல்லாமலே.

கொஞ்சம் புத்தி இருக்கிறவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் இதையே மறைக்காதவன் மாடிப்படியைப் பற்றி ஏன் பொய் சொல்லப்போகிறான்? மார்வெலும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்த டிராயர்?" என்று முணுமுணுத்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "நீல ஸ்கார்ஃப்! அன்னிக்கு நேரமாயிடுச்சுன்னு அதைத் தேடி நான்தானே எல்லாத்தையும் இழுத்துப்போட்டேன்! ஐயோ கர்த்தாவே, நான்தான்! அவன் மேலே வரவே இல்ல!"

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். ரோவீனா எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மூக்கைச் சிந்திக்கொண்டு மார்வெல் நிமிர்ந்தபோது, அது பழைய மார்வெல். "டேய், தப்பிச்சுட்டேன்னு நினைக்காதே. கதவை உடைச்சவன் நீ. இத்தனை நாள் என்னை நடுங்க வெச்சவன் நீ. அன்னிக்குச் சபையில கொடுத்த மன்னிப்பை வாபஸ் வாங்கறேன்."

"மார்வெல்!" என்று அலறினாள் ஐலீன்.

"வாபஸ்தான். அது செல்லாது. திங்கட்கிழமை வந்து எனக்குப் புதுக்கதவு போடு. பின்பக்கம் லைட் போடு. ஒயர் வேலை கத்துக்கறியாமே, பாக்கலாம் லட்சணத்தை. பாட்டுப் பயிற்சி முடிஞ்சு நான் வர்றப்ப அந்த லைட் எரியணும். மன்னிக்கறதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கறேன்."

டேவிஸின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. "சரி ஆன்ட்டி" என்றான். கண்ணில் நீர் வழிந்தது. "அன்னிக்கு நீங்க உடனே மன்னிச்சீங்களா, எனக்குப் பேச எதுவுமே இல்லாம போச்சு. உங்க முகத்துல முழிக்கவே கூசிச்சு. இப்ப திட்டினீங்க பாருங்க, அப்பாடான்னு இருக்கு."

"இன்னும் இருக்குடா, கவலைப்படாதே. கதவு போடறப்ப மீதியைத் திட்டறேன்."

இப்படி மன்னிப்பை வாபஸ் வாங்கி வழக்கை முடித்தது எங்கள் ஊரிலேயே முதல் தடவை. மார்வெல் மீன் கட்லெட்டை ஒரு பிடி பிடித்தாள். நாளைக்குப் பாட வருவேன் என்றும் அவளே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு எழுந்து நின்றது. மார்வெலின் இடம் காலி.

முதல் பாட்டு முடிந்தது, பிரசங்கமும் முடிந்தது. அப்போதும் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஐலீன் திரும்பி ரோவீனாவை ஒரு பார்வை பார்த்தாள், கீறிவிட்டாயல்லவா, அனுபவி என்பதுபோல. ரோவீனா கோட்டை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். பின்வரிசையிலிருந்து டேவிஸும் பதறிய முகத்தோடு கூடவே ஓடி வந்தான்.

மார்வெலின் கார் வாசலிலேயே நின்றது. ரோவீனா கதவை இடித்தாள், பேர் சொல்லிக் கத்தினாள். உள்ளே சத்தமே இல்லை.

"நான் பின்பக்கமாப் போய்ப் பாக்கட்டுமா?"

"வேணாம்டா சாமி! நீ அந்தக் கதவுப் பக்கமே போகாதே!"

மேலே மாடி ஜன்னல் கிறீச்சென்று திறந்தது. படுக்கும்போது போட்டுக்கொள்கிற பட்டுத் தொப்பி சரிந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, மார்வெல் எட்டிப்பார்த்தாள். "எவ அவ, விடியக்காலையில கதவை இடிக்கறது?"

"விடியக்காலையா? ஆராதனையே முடியப்போகுதுடி!"

"மணி என்ன?"

"பன்னிரண்டு!"

மார்வெல் திரும்பித் தன் கட்டிலைப் பார்த்தாள். பிறகு ரோவீனாவைப் பார்த்தாள். "தூங்கிட்டேன்" என்றாள், நம்ப முடியாமல். "ரோவீனா, நான் தூங்கிட்டேன்டி!"

ரோவீனா பனி மூடிய வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டேவிஸ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ என்னடா வேடிக்கை பாக்கறே? கதவு நாளைக்குத்தான், இன்னிக்குப் போ. எனக்கு இன்னும் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மார்வெல் திரும்பப் போய்ப் படுத்தாள்.